இரண்டு கோலும் ஒரு கட்டளையும்

1991 ஜூன் 12 அன்று கோலாலம்பூரில் மலேசியா இங்கிலாந்திடம் 4–2 என்று தோற்றது. இங்கிலாந்தின் நான்கு கோலையும் கேரி லினேக்கர் அடித்தார். மலேசியாவின் இரண்டையும் அடித்தவர் சபா அணியின் மத்லான் மர்ஜான். முந்தைய ஆண்டுதான் உலகக் கிண்ண அரையிறுதி வரை போய்வந்த அணி இங்கிலாந்து. அதன் வலைக்குள் ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை பந்தைத் தள்ளிய மலேசியரை நாடு முழுவதும் கொண்டாடியதில் வியப்பில்லை. நான்கே ஆண்டில் காட்சி மாறியது. ஆட்டங்களை விற்றார் என்ற சந்தேகத்தில் 1995ல் அவரும் சபா ஆட்டக்காரர்கள் சிலரும் கைதானார்கள். குற்ற வழக்கு கைவிடப்பட்டது. எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஆனாலும் காற்பந்தில் அவர் கால் வைக்கக் கூடாதென்று தடை வந்தது. இன்ன இடத்தில்தான் வசிக்க வேண்டும் என்ற அரசுக் கட்டளையும் வந்தது. அந்தக் கட்டளைக்கு ஆதாரம் 1933ஆம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட வசிப்பிடச் சட்டம். மத்லானின் குணத்தைப் பற்றி ரசிகர்களிடம் இன்றும் இரண்டு பேச்சு உண்டு. "காசு வாங்கிட்டு நாட்டை வித்தவன்" என்பது ஒன்று. "வாங்கியிருந்தா கோர்ட்டுல நிரூபிக்க வேண்டியதுதானே, ஏன் நிரூபிக்கல?" என்பது மற்றொன்று. தம்பின் வட்டாரம் போன்ற தோட்டப்புறங்களில் இந்த இரண்டையும் ஒரே மனிதர் ஒரே மூச்சில் சொல்வதும் உண்டு. இதைக் குழப்பம் என்றும், ரசிகனின் பலவீனம் என்றும் எளிதாகத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தண்டனை எப்படி வழங்கப்படுகிறது என்பதை நூறாண்டாக அருகிலிருந்து பார்த்த மக்களுக்கு இப்படி இரண்டு மனம் இருப்பதுதான் நியாயம் என்பது என் வாதம்.

தம்பினே இரண்டு பதிவேட்டில் பேர் உள்ள ஊர்தான். ஊர் நெகிரி செம்பிலானில் இருக்கிறது. அதன் பேரைத் தாங்கிய ரயில் நிலையமோ எல்லைக்கு அந்தப்புறம், மலாக்கா மாநிலத்துப் பூலாவ் செபாங்கில் நிற்கிறது. ரெப்பா, கெமெஞ்சே, பத்தாங் மலாக்கா, கிம்மாஸ் என்று நீளும் இந்தப் பக்கம் முழுவதும் ஒரு காலத்தில் பால்மரக் காடு. மலாயாவில் முதன்முதலில் வணிகத்துக்காக ரப்பர் போட்ட டான் சே யானின் புக்கிட் அசஹான் தோட்டமும் இங்கிருந்து எட்டும் தூரத்தில்தான் இருந்தது. மரம் வந்தது, மரத்தைச் சீவ ஆள் வந்தது, ஆளையும் பாலையும் ஏற்றி இறக்க ரயில் வந்தது. ஜப்பானியர் காலத்தில் தம்பினிலிருந்து மலாக்காவுக்குப் போன கிளைப்பாதையின் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளம் போன வழியிலேயே தோட்டத்து ஆட்களையும் கொண்டுபோனார்கள். இரும்பையும் மனிதனையும் ஒரே சரக்காக எண்ணி இடம் மாற்றிய வரலாறு இது. ஒருவனை இருந்த இடத்திலிருந்து பிடுங்கி வேறிடத்தில் வைப்பதற்கு அவன் தவறு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்தப் பாடத்தைத் தோட்டத்தார் எந்தச் சட்டப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

அதற்கு முன்பே வேறொரு பாடமும் நடந்திருந்தது. 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடையை மூடுவது ஆகியவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணி என்னும் எழுத்தரோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். ஒரு மனிதன் சைக்கிளில் உட்கார்ந்தபடி இன்னொருவனைக் கடந்து போகும் உரிமைக்காகத் துப்பாக்கிக்கு முன்னால் நின்றார்கள் என்பதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச்.நாதனை அரசாங்கம் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது. வழக்கு, சாட்சி, வாதம் எதுவுமில்லை; கட்டளை ஒன்றே போதுமானதாக இருந்தது. போருக்குப் பிறகு அவசரகாலத்தில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதி 1949 மே 4ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள், அவரோடு சங்கத்தில் இருந்த வீரசேனன் இதே நெகிரி செம்பிலானின் ஜெலுபு பக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்களைப் பற்றியும் தோட்டத்தில் இரண்டு பேச்சுதான்: பயங்கரவாதி என்றது அரசாங்கம், எங்களுக்காகப் போனவன் என்றது தொழிலாளர் குடியிருந்த லயம். 1969க்குப் பிறகு வேலை அனுமதிச் சீட்டு இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். அவர்கள் செய்த குற்றம், கையில் காகிதம் இல்லாதது.

நாடு கடத்தல், தூக்கு எல்லாம் பெரிய சங்கதிகள். தினசரி நடந்த சின்ன விசாரணைதான் தோட்டத்து மனத்தை இன்னும் ஆழமாக உருவாக்கியது என்று நினைக்கிறேன். மரம் சீவியவர் காலையில் சேர்த்த பாலை வாளியில் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு வருவார். கிராணி பாலை நிறுப்பார். பிறகு மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலுக்குள் விட்டு, அது எந்தக் கோடு வரை அமிழ்கிறது என்று பார்ப்பார். பாலில் எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு தண்ணீர் என்பதை அந்தக் கோடு சொல்லும். அன்றைய கூலி அதில் தொங்கும். அளவு குறைந்திருந்தால் "தண்ணி கலந்துட்டே" என்பார். மழை பெய்து கோப்பையில் நீர் இறங்கியிருக்கலாம், கருவியே பழுதாக இருக்கலாம். நிறுப்பவரும் அளப்பவரும் எழுதுபவரும் ஒருவரே என்ற இடத்தில் இதையெல்லாம் எடுத்துச் சொல்ல யாரிடம் போவது? குற்றச்சாட்டும் தீர்ப்பும் அங்கே ஒரே பென்சிலால் எழுதப்பட்டன. அதே சமயம் உண்மையில் தண்ணீர் கலந்தவர்களும் இருந்தார்கள். யார் கலப்பார், யார் கலக்கமாட்டார் என்பது கிராணியைவிட லயத்துக்கு நன்றாகத் தெரியும். இந்த இரண்டு அறிவும் சேர்ந்தே வளர்ந்தன: மனிதர்கள் ஏமாற்றுவார்கள் என்பது ஒன்று, புத்தகத்தில் எழுதியிருப்பதாலேயே ஒருவன் ஏமாற்றியவன் ஆகிவிட மாட்டான் என்பது இன்னொன்று. மத்லானைப் பற்றிப் பேசும்போது ரசிகர் இரண்டு பக்கமும் பேசுவதற்கு வேர் இங்கே இருக்கிறது.

காற்பந்து தோட்டத்துக்குள் வந்ததும் இந்தச் சூழலுக்கு நடுவில்தான். திடல் நிர்வாகத்தின் நிலம். பந்தும் வலைக்கம்பமும் பெரும்பாலும் நிர்வாகத்தின் தயவு. ஞாயிறு மாலையில் ஆள் கள்ளுக்கடைக்குப் போவதைவிடத் திடலுக்குப் போவது நல்லது என்று துரைமார் கணக்குப் போட்டதில் தந்திரமும் உண்டு, நன்மையும் உண்டு. ஆனால் ஆட்டம் தொடங்கிவிட்டால் அந்தக் கணக்கு யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. பெரட்டு என்னும் காலை அணிவகுப்பில் வரிசையாக நின்று பேர் கூப்பிடும்போது கைகட்டிப் பதில் சொன்னவன், திடலில் கிராணியின் மகனைத் தாண்டிப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடலாம். சைக்கிளில் செய்ய முடியாததைப் பந்தோடு செய்யலாம். தோட்டத்தில் ஒருவனுக்குத் தன் உடம்பாலும் மூளையாலும் நேரடியாகப் பேர் வாங்க வழி இருந்த இடங்கள் குறைவு. திடல் அதில் ஒன்று. அங்கே வாங்கிய பேரைச் செக்ரோல் என்னும் ஆள்பதிவேட்டில் யாரும் எழுதவில்லை, அதனால் யாராலும் வெட்டவும் முடியவில்லை. ஆட்டக்காரனின் ஆட்டத்துக்கு ஒரு கணக்கு, அவனைப் பற்றி மேலிடம் சொல்வதற்கு வேறு கணக்கு என்று பிரித்துவைக்கும் பழக்கம் இந்த வேறுபாட்டிலிருந்து வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. ஆர்.ஆறுமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பேரெடுத்த கோல்காவலர். 1980ல் தென்கொரியாவை 2–1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் தூண்களில் ஒருவர். அரசாங்கம் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் போக முடியாதவர். 1988ல் சாலை விபத்தில், நடுத்தர வயதை எட்டும் முன்பே இறந்தார். அவரைப் பற்றி இரண்டு பேச்சு கிடையாது. அவர் குணத்தை இங்கே நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் 1994ஐ அவர் காணவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அந்த ஆண்டைக் கடந்தவர்களில் பேர் கசங்காதவர்கள் சிலரே, கசங்கத் தேவையில்லாதவர்களையும் சேர்த்து.

1994ல் நடந்தது என்ன? 1989ல் தொடங்கிய அரைத் தொழில்முறை லீக் அந்த ஆண்டுதான் முழுத் தொழில்முறை லீகா பெர்டானாவாக மாறியது. சிங்கப்பூர் அணி லீக்கையும் மலேசியக் கிண்ணத்தையும் சேர்த்துத் தூக்கிச் சென்ற ஆண்டு அது. அரங்கங்கள் நிரம்பின; நிரம்பிய அரங்கத்தைச் சுற்றிச் சூதாட்டத் தரகர்களும் நிரம்பினார்கள். விலைபோன ஆட்டத்துக்கு இந்த மண்ணில் வழங்கும் சொல் 'கேலோங்'. கடலுக்குள் கம்பு நட்டு, வேலி போட்டு மீன் பிடிக்கும் மேடைக்குத்தான் அந்தப் பேர். வேலியோரமாகவே நீந்திப்போகும் மீன் தன் இஷ்டத்துக்குப் போவதாக நினைத்துக்கொண்டே வலையின் வாய்க்குள் நுழைந்துவிடும். கரையிலிருந்து பார்ப்பவனுக்கு அது நீந்துவது மட்டும்தான் தெரியும். கோல்காவலர் பாய்வது தெரியும், பந்து ஓர் அங்குலத்தில் தப்புவது தெரியும். அந்த அங்குலத்துக்கு எத்தனை ஆயிரம் வெள்ளி என்பது மட்டும் தெரியாது. விசாரணை தொடங்கியபோது 126 பேரைக் கேள்வி கேட்டார்கள். ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களுமாக 21 பேர் நீக்கப்பட்டார்கள், 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஒரு சிறிய நாட்டின் காற்பந்துத் தலைமுறை ஒன்றே ஏறத்தாழ முடிந்துபோனது. 1993 ஆகஸ்டில் உலகத் தரவரிசையில் 75ஆம் இடத்தில் இருந்த மலேசியா 2018ல் 178க்கு இறங்கியதற்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த இறக்கத்தின் முதல் படி அங்கேதான் இருந்தது.

அந்த 126 பேரில் எவ்வளவு பேர் நீதிமன்றக் கூண்டில் நின்றார்கள், யாருக்கு எதிராக என்ன சாட்சி சொல்லப்பட்டது, யார் அதை மறுத்தார் என்று ரசிகர் கேட்டால் கையில் கிடைப்பது மிகக் கொஞ்சம். தண்டனைகளில் பெரும்பகுதி காற்பந்துச் சங்கத்தின் கட்டளையாகவும், கடுமையானவை உள்துறை அமைச்சின் கட்டளையாகவும் வந்தன. வசிப்பிடச் சட்டத்தின் இயல்பே அப்படி இருந்தது. குற்றம் நிரூபிக்கப்பட வேண்டியிருக்கவில்லை. அமைச்சருக்குத் திருப்தி ஏற்பட்டாலே போதுமாக இருந்தது. குறித்த வட்டாரத்தை விட்டு அனுமதியின்றி நகர முடியவில்லை, போலீஸ் கண்காணிப்பில் இருக்க வேண்டியிருந்தது. காலனி அரசு 1933ல் இதைக் கொண்டுவந்தது பந்தைக் கையால் தட்டும் கோல்காவலரை மனத்தில் வைத்தல்ல. யாரை வைத்துக்கொள்வது தொல்லையோ அவர்களை ஒதுக்கிவைக்க. நாதனை அனுப்பிய சட்டமும் மத்லானை அனுப்பிய சட்டமும் வேறு வேறு, ஆனால் இரண்டும் ஒரே பட்டறையில் அடித்த ஆணிகள். இந்த நாட்டின் தோட்டத் தமிழர் அந்தப் பட்டறையின் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவர்கள். அவர்களிடம் "அரசாங்கமே தண்டித்துவிட்டது, பிறகென்ன சந்தேகம்?" என்று சொன்னால் அந்தச் சொல்லுக்குக் கனம் குறைவு.

விசாரணை நடந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1994 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் பகாங்குக்கு எதிராக மூன்று கோல் அடித்து சிங்கப்பூரை 4–0 என்று வெல்ல வைத்தவர் ஆஸ்திரேலியரான அப்பாஸ் சாட். மறு ஆண்டு சிங்கப்பூர் நீதிமன்றத்தில் ஆட்ட மோசடி வழக்கில் அவர் நிறுத்தப்பட்டார். சாட்சிகள் வந்தார்கள், வழக்கறிஞர்கள் குறுக்கு விசாரணை செய்தார்கள், 50,000 சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது, ஆடவும் தடை வந்தது. தீர்ப்பை ஏற்றவரும் உண்டு, மிகை என்றவரும் உண்டு. ஆனால் அந்தச் சண்டைக்கு ஒரு தரை இருந்தது. இன்னது சொல்லப்பட்டது, இன்னது நிரூபணமானது என்று சுட்டிக்காட்ட ஒரு காகிதம் இருந்தது. தடை முடிந்தபின் அவர் மீண்டும் ஆடினார். இத்தாலியின் பாவ்லோ ரோஸ்ஸி கதை இன்னும் தெளிவு. 1980ன் சூதாட்ட ஊழலில் மூன்றாண்டுத் தடை, அது இரண்டாண்டாகக் குறைந்தது. கடைசிவரை தான் குற்றமற்றவன் என்றே சொன்னார். தடை முடிந்த சில வாரங்களில் 1982 உலகக் கிண்ணத்துக்குப் போய் ஆறு கோல் அடித்து நாட்டை வெல்ல வைத்தார். தண்டனைக்கு ஒரு தேதி இருந்ததால்தான் திரும்பிவரவும் ஒரு நாள் இருந்தது. லிவர்பூல் கோல்காவலர் புரூஸ் குரோபலாரை எடுத்துக்கொண்டால் நீதிமன்றமும் இரண்டு பேச்சுப் பேசும் என்று தெரியும். 1994ல் ஒரு பத்திரிகை அவர்மீது பணம் வாங்கியதாகக் குற்றம் சாட்டியது. 1997ல் இரண்டு முறை நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் போய் அவர் விடுவிக்கப்பட்டார். அதே வழக்கில் மலேசிய வணிகர் ஒருவரும் நின்று விடுதலையானார். குரோபலார் தொடுத்த மானநஷ்ட வழக்கில் 1999ல் கிடைத்த 85,000 பவுனைப் பிரபுக்கள் சபை 2002ல் ஒரே ஒரு பவுனாக்கியது. சட்டப்படி உன் பக்கம் வெற்றி, ஆனால் உன் பேருக்கு விலை இவ்வளவுதான் என்று சொல்லாமல் சொன்ன தொகை அது. நாட்டின் மிக உயர்ந்த நீதிபதிகளே ஒரு கோல்காவலரின் குணத்தைப் பற்றி இரண்டு மனமாக இருக்கலாம் என்றால், பத்தாங் மலாக்கா காப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் ஏன் ஒரே மனமாக இருக்க வேண்டும்?

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை பலவீனமானவை அல்ல. முதலாவது: கேலோங் நடந்தது கற்பனை அல்ல, ஏமாந்தவன் ரசிகன். தம்பின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆட்டம் பார்க்கச் சிரம்பானுக்குப் போவதென்றால் சுமார் 50 கிலோமீட்டர். லாரியோ வேனோ பிடித்து, டிக்கெட் எடுத்து, பால் வெட்டிய கைக்காசைச் செலவழித்தவன் அவன். 1990 தொடக்கத்தில்தான் மாதச் சம்பளம் கேட்டு தோட்டத் தொழிலாளர் சங்கம் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்திருந்தது. மழை பெய்தால் வேலையில்லை, வேலையில்லாவிட்டால் கூலியில்லை என்ற நிலை. அந்தக் காசை வாங்கிக்கொண்டு பொய் ஆட்டம் காட்டியவனுக்குப் பரிந்து பேசுவது ஏமாந்தவனை இன்னொரு முறை ஏமாற்றுவது இல்லையா? இந்தக் கோபத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கோபத்துக்கு உரிய ஆள் யார் என்று காட்டும் கடமை விசாரித்தவர்களுடையது. கூண்டில் ஏற்றி நிரூபித்திருந்தால் ஏமாந்தவன் தன் கோபத்தைச் சரியான முகத்தில் வைத்திருப்பான். அப்படிச் செய்யாததால் கோபம் எல்லார்மீதும் மெல்லியதாகப் பரவி, யார்மீதும் அழுத்தமாக விழவில்லை. 126 பேரில் கை சுத்தமாக இருந்தவரும் அழுக்கைச் சுமந்தார். கை நனைத்தவரும் "என்னையும் சும்மாதான் சொன்னாங்க" என்று சுத்தமானவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். கட்டளையால் தண்டித்தது ஆட்டக்காரருக்கு மட்டும் செய்த அநியாயம் இல்லை. ரசிகனுக்கு உண்மையையும் மறுத்தது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது: நாட்டுக்காக ஆடிய நட்சத்திரத்தையும் பால் வாளி சுமந்த தொழிலாளியையும் ஒரே தட்டில் வைப்பது தோட்டத்தின் துயரத்தை மலிவாக்குவதாகாதா? நாதன் கேட்டது பிறருக்கான உரிமை. ஆட்டத்தை விற்றவன், விற்றிருந்தால், கேட்டது தனக்கான காசு. உண்மைதான். இரண்டு மனிதரும் ஒன்றல்ல. நான் ஒப்பிடுவது மனிதர்களை அல்ல, அவர்களை அப்புறப்படுத்திய கையை. அந்தக் கை நல்லவனையும் கெட்டவனையும் ஒரே மாதிரிதான் தூக்குகிறது. எனவே தூக்கப்பட்டதை வைத்து அவன் யாரென்று சொல்ல முடியாது என்பது மட்டும்தான் வாதம். லயத்தில் ஒருவனை வேலையை விட்டு நிறுத்தினால் வீடும் சேர்ந்து போகும், மறுநாள் சாமானோடு அவன் வாசலில் நிற்பதைப் பார்த்த பக்கத்து வீட்டார், "என்ன பண்ணித் தொலைச்சான்?" என்றும் கேட்டார்கள், "யார் போட்டுக் கொடுத்தாங்க?" என்றும் கேட்டார்கள். இரண்டும் தேவையான கேள்விகள். முதல் கேள்வியை மட்டும் கேட்டவர்கள் கிராணியின் ஆட்கள் என்று அறியப்பட்டார்கள். இரண்டாவதை மட்டும் கேட்டவர்களையும் லயம் முழுதாக நம்பவில்லை. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் குறைவு, அதனால் விலைபோனார்கள் என்று சிலர் பரிந்து பேசுவதுண்டு; அந்த வாதத்தோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அவர்களைவிடக் குறைந்த கூலிக்கு இருட்டில் எழுந்து மரம் சீவப் போனவர்கள் பெரும்பாலும் தண்ணீர் கலக்காத பாலைத்தான் கொண்டுவந்தார்கள்.

நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. புகையுமா என்பதற்குத் தோட்டத்தில் பதில் சொல்வது சுலபம்: புகைக்கூடத்தில் ரப்பர்த் தகடு காய்வது புகையில்தான், அந்தப் புகையை வேண்டுமென்றே மூட்டுவார்கள். விளையாட்டாகச் சொன்னாலும் இதில் விஷயம் உண்டு. 1994–95ல் காற்பந்துச் சங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் ஒரு பெரிய சுத்திகரிப்பு நடந்ததாகக் காட்ட வேண்டியிருந்தது. எண்ணிக்கை பெரிதாக இருந்தால் சுத்திகரிப்பும் பெரிதாகத் தெரியும். ஆட்டக்காரர்களின் பேர் பத்திரிகைகளில் வந்த அளவுக்கு, ஆட்டத்தை வாங்கிய தரகர்களின் பேரும் அவர்களுக்குப் பின்னால் முதல் போட்டவர்களின் பேரும் மக்கள் நினைவில் தங்கவில்லை. விற்றவன் இருந்தால் வாங்கியவன் இருக்க வேண்டும் என்பது சந்தைக்குப் போகும் எல்லாருக்கும் தெரிந்தது. ஒரு பக்கத்தை மட்டும் அடையாளம் காட்டிய விசாரணையை ரசிகர் அரைமனதோடு ஏற்றதில் அவர்மீது என்ன பிழை?

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். அரங்கங்கள் காலியாயின. 1996ல் அஸ்ட்ரோ வந்தது. துணைக்கோள் வழியாக இங்கிலாந்து ஆட்டங்கள் வாரந்தோறும் வீட்டுக்குள் இறங்கின. லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் உயிரை விடும் தலைமுறை ஒன்று வந்தது. அதே ஆண்டுகளில் பால்மரம் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது, தோட்டங்கள் கைமாறின, குடும்பங்கள் சிரம்பானுக்கும் செனாவாங்குக்கும் தாமானுக்கும் பிளாட்டுக்கும் கிளம்பின; திடல்கள் சிலவற்றில் வீடு வந்தது, சிலவற்றில் லாலாங் புல் வந்தது. உள்ளூர் ஆட்டத்தின் மீது வந்த அவநம்பிக்கையும் தோட்டம் கலைந்ததும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டதால், எது எதைக் கொன்றது என்று பிரித்துச் சொல்வது கடினம். 2009ல் நெகிரி செம்பிலான் கிளந்தானை 3–1 என்று வென்று 61 ஆண்டுக்குப் பிறகு மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தபோது பாரோய் அரங்கத்தின் பக்கம் மறுபடி கூட்டம் திரும்பியது. மறு ஆண்டு கே.ராஜகோபால் பயிற்சியில் மலேசியா சுசுகி கிண்ணத்தை வென்றது. "இந்த முறை கேலோங் இல்ல" என்று உறுதியாகச் சொல்லிவிட்டுத்தான் பலர் மகிழ்ந்தார்கள்; அந்த உறுதியைச் சொல்லத் தேவைப்பட்டதே 1994 விட்டுப்போன தழும்பு.

2011 அக்டோபரில் நாடாளுமன்றம் இரண்டு பழைய சட்டங்களை ரத்து செய்தது: 1959ஆம் ஆண்டின் நாடு கடத்தல் சட்டம், 1933ஆம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட வசிப்பிடச் சட்டம். நாதனைக் கப்பலேற்றிய முறையின் வாரிசும், மத்லானை ஊர் மாற்றிய சட்டமும் ஒரே மூச்சில் ஒழிந்தன. அதே அக்டோபர் 29ஆம் தேதி நெகிரி செம்பிலான் திரெங்கானுவை 2–1 என்று வென்று மூன்றே ஆண்டில் இரண்டாவது முறையாக மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. தம்பின் பக்கம் அந்த மாதம் கிண்ணத்தைப் பற்றித்தான் பேச்சு இருந்திருக்கும், சட்டத்தைப் பற்றி இருந்திருக்காது, அதில் தப்பில்லை. சட்டம் போனாலும், அதன் கீழ் போடப்பட்ட கட்டளைகளுக்கு என்ன சாட்சி இருந்தது என்ற கோப்பை யாரும் மக்கள் முன் திறந்து வைக்கவில்லை. அது மூடியிருக்கும்வரை மத்லான் மர்ஜான் வாங்கினாரா இல்லையா என்று கேட்டால், லினேக்கரின் நான்கு கோலுக்கு எதிரே அவர் அடித்த இரண்டையும் ரசிகர்கள் முதலில் விவரித்துவிட்டு, அப்புறம்தான் "ஆனா..." என்று இழுப்பார்கள்.